பதினேழாம் நம்பர் வகுப்பு

கோபர்கைரனே,
20 ஆகஸ்ட் 2023

ரீனாக்காவுக்கு,

சாஜன் எழுதுவது. நலமா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை.

உங்கள் நம்பரை நான் பிளாக் செய்ததும், நீங்கள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டதும், அதையும் பிளாக் செய்ததும் இருக்கட்டும். போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் ம், ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில்தான் உங்களைக் குறுக்கே பேசவிடாமல் நான் சொல்ல முடியும். இன்னொன்று, இங்கே ரூமில் ஏழு பேர். என் போனை எல்லோரும் எடுத்து நோண்டுகிறார்கள். ஆனால் ஒருவனுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனே ஸ்டேஷனில் தனசீலன் மாமாவைப் பார்த்தேன். நம் சந்தில் பெல்ட் கட்டிங் செய்கிறாரே, அவர்தான். உங்கள் வகுப்பில் படிக்கும் சுஜாவின் அப்பா. இங்கே யாரோ சொந்தக்காரர் வீட்டில் ஞானஸ்நான விருந்தாம். என்னைப் பார்த்ததும் பிளாட்பாரத்திலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏல, பாஸாயிட்டியாமே! அம்பத்தெட்டு பெர்சன்டாம்! ரீனா டீச்சர் சொன்னா. ஐடிஐல ஏசி மெக்கானிக் படிக்கியாமே!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். "எம்மவளும் ஒன்ன மாதிரி வரட்டும்னுதாம்ல பத்தாவது எழுத ஃபார்ம் போடுததுக்கு ஒத்துக்கிட்டேன்" என்றார். அந்த வடா பாவைக் கடிக்காமலே ரூமுக்குக் கொண்டுவந்தேன் அக்கா.

ஐம்பத்தெட்டாவது, ஐடிஐயாவது! ஜூன் இரண்டாம் தேதி உங்கள் போனில்தானே ரிசல்ட் பார்த்தோம்? கணக்கு முதல் பேப்பரில் நாற்பது நிமிஷத்தில் எழுந்து வந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு பரீட்சைக்கும் போகவில்லை. இப்போது ஆஸ்பத்திரி பெட்ஷீட் துவைக்கிற லாண்ட்ரியில் ஈரத் துணி இழுக்கிறேன். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஊர் முழுக்க அளந்துவிட்டிருக்கிறீர்கள். செத்தவனைப் பற்றிக்கூட இப்படிப் பேச மாட்டார்கள்.

வகுப்பில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

சாஜன்

*

தாராவி,
27 ஆகஸ்ட் 2023

அட கோபக்காரத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை உன்மேல் கோபம் வந்தது. மூன்று மாதமாக உயிரோடு இருக்கிறாயா என்றே தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தால், துரை அங்கே லாண்ட்ரியில் சௌக்கியமாகச் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்! அப்புறம் படித்த இரண்டு தடவையும் கோபம் என்மேல்தான் வந்தது.

எப்படிச் சொன்னேன் என்பதைக் கேள். ஜூனில் சர்ச் ஹாலில் புது வகுப்பின் முதல் நாள். காலை ஆறு மணி, வெளியே மழை. பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் லாக்டவுனில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். வெயிலுமுத்து எட்டாவதோடு நின்றவன், வீட்டில் இருந்த ஒரே போன் அவன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. சுஜா ஒன்பதாவதோடு நின்றவள், அம்மா வேலைக்குப் போக இவள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது, இவர்கள் இல்லாமலே அது பழகிப் போயிருந்தது. வெளியிலிருந்தே பத்தாவது எழுதலாம் என்று அந்தப் பதினேழாம் நம்பர் ஃபார்மைக் காட்டி நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கூட்டி வந்தேன்.

உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி சிலபஸ் இல்லை. "சாஜன் அண்ணன் என்னாச்சு?"

ஏன் கேட்க மாட்டார்கள்? நம் சந்தில் அந்த ஃபார்மைப் போட்ட முதல் ஆள் நீ. பதினொரு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுஜாவின் கையில் இருந்த பேனாவின் மூடிகூடத் திறக்கவில்லை. என் பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாமா, உட்காரலாமா என்று பார்க்கிறாள். என் நாக்கு 'பாஸ்' என்றது. நான் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது. வெயிலுமுத்து விடுவானா, "எத்தன பெர்சன்ட்?" என்றான். ஐம்பத்தெட்டு என்றேன். அறுபது என்றால் நம்ப மாட்டார்கள் என்று பயம். ஐடிஐ, ஏசி மெக்கானிக் எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் தானாக முளைத்தவை.

தப்புத்தான். ஆனால் சாஜன், அன்றைக்குப் பதினொரு பேரும் பேனா மூடியைத் திறந்தார்கள். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஃபார்ம் போட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. அப்புறம் நானே சொல்கிறேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ரீனா

*

கோபர்கைரனே,
3 செப்டம்பர் 2023

ரீனாக்காவுக்கு,

அறுபது என்றால் நம்ப மாட்டார்களா? ரொம்ப நன்றி.

நான் ஏன் எழுந்து வந்தேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. திட்டினீர்கள், அழுதீர்கள், கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

2021-இல் பத்தாவது படித்தவர்கள் பரீட்சையே எழுதாமல் பாஸானார்கள் அல்லவா? என்னோடு ஒன்பதாவதில் ஒரே பெஞ்சில் இருந்த அப்துல் ஹாதியும் அப்படித்தான் பாஸானான். அந்த வருஷம் முழுக்க அவன் போனில் கேம் விளையாடினான். இப்போது பி.காம். முதல் வருஷம். அந்த வருஷம் நான் வள்ளியூர்ப் பக்கத்தில் லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். லாக்டவுனில் ஸ்பெஷல் ரயில் விட்டதும் வீட்டோடு ஊருக்குப் போனோமே, அப்போதே என் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வெட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் ரிஜிஸ்டரில் இருந்திருந்தால் போதும், நானும் பாஸ்.

மார்ச்சில் அந்த ஹாலில் உட்கார்ந்து மூன்றாம் கணக்கைப் பார்த்தேன். வரவில்லை. சும்மா இருந்தாலே பாஸ் என்ற வருஷத்தையே தவறவிட்டவன், இப்போது எழுதிக் கிழித்துவிடப் போகிறேனா என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிறகு அடுத்த கேள்வியைப் படிக்கவே முடியவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் ஹாலில் ஒரு கணக்கு வராமல் போகும். அப்போது அவர்கள் என்னை நினைப்பார்கள். 'சாஜன் அண்ணனுக்கு வந்ததே, எனக்கு ஏன் வரவில்லை' என்று நினைப்பார்கள். அது எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை எனக்கு லீவு. முதல் ரயிலில் வருகிறேன். அதற்குள் நீங்கள் சொல்லியிருந்தால் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். சொல்லாமல் இருந்தால் நான் சொல்வேன்.

சாஜன்

*

தாராவி,
17 செப்டம்பர் 2023

சாஜன் தம்பிக்கு,

நீ வருவதற்குள் எட்டு வகுப்பு நடந்தது. எட்டு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து, வருகைப் பதிவு மட்டும் எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீ வந்து என்னைக் கிழிப்பாய் என்று சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாக்பீஸை எடுத்தாய். மராத்தி 41, இந்தி 52, ஆங்கிலம் 38, கணக்கு 9, மற்றதெல்லாம் ஆப்சென்ட் என்று போர்டில் எழுதினாய். கீழே உன் பெயரை எழுதினாய். "இதுதான் என் மார்க். டீச்சர் சொன்னது பொய். நான் பயந்து ஓடிவந்துட்டேன்" என்றாய். உன் காது மடல் சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. அடேய், முப்பத்தைந்து வயதில் அந்தத் தைரியம் எனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

போயிற்று, பதினொரு பேரும் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் வெயிலுமுத்து கையைத் தூக்கினான்.

"அண்ணே, அந்த ஒம்பது எந்தெந்தக் கேள்விக்கு வந்துச்சு?"

நீ சிரித்துவிட்டாய். கேள்வித்தாளை எடுத்து வா என்றாய். அத்தனை பேரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எந்தக் கேள்வி வந்தது, எங்கே கோட்டை விட்டாய், எந்த இடத்தில் கை நின்றது என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். உன் தோல்வியை இப்படி உரித்துப் பார்க்க நான் ஒரு நாளும் விட்டிருக்க மாட்டேன். நீ விட்டாய். நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வெயிலுமுத்து போர்டுக்குப் போனான். நாற்பது நிமிஷத்துக்கு ஒன்பது என்றால் நூற்றிருபது நிமிஷத்துக்கு எவ்வளவு என்று போட்டான். இருபத்தேழு வந்தது. நாற்பதுக்கு இருபத்தேழு! "டீச்சர், அண்ணன் சும்மா உக்காந்திருந்தாலே பாஸு" என்று கத்தினான். மூன்று மாதமாக நான் தலைகீழாக நின்றும் அவன் மண்டையில் ஏறாத விகிதக் கணக்கு அது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாளும் பத்துப் பேர் வந்தார்கள். சுஜா மட்டும் வரவில்லை. அவளே வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். தனசீலன் அண்ணன் சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்திக் கேட்டார். "அந்தப் பய என்ன நெனச்சிருப்பான் டீச்சர், நான் வடா பாவ் வாங்கிக் குடுத்தப்ப? பொய் சொல்லுத கிளாஸுக்கு எம்மவளை அனுப்ப முடியாது."

இனிமேல் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்னை மறுபடியும் பிளாக் செய்யலாம்.

உன் பெயரைப் பள்ளிக்கூடம் வெட்டவில்லை. நீங்கள் ஊருக்குப் போன பிறகு, ஆகஸ்ட் மாதம் உன் எல்.சி.யை, ஊரில் டி.சி. என்பார்களே, அதைக் கேட்டு வாங்கியது நான். உன் அம்மா கேட்கவில்லை. எல்.சி. இருந்தால்தானே அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், பையன் படிப்பு ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஆபீஸில் இருந்த கிளார்க், "எதுக்கு அவசரம், பெயர் பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றுகூடச் சொன்னார். நான் சண்டை போட்டு வாங்கி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். மறு வருஷம் எல்லோரும் பாஸ் என்ற செய்தியைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு வகுப்பில் 'பாஸ்' என்று நாக்கு புரண்டது ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

மன்னித்துவிடு என்று எழுதப் பேனா கூசுகிறது.

ரீனா

*

கோபர்கைரனே,
8 அக்டோபர் 2023

ரீனாக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் வேலை இல்லை. உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். துணியை மெஷினுக்குள் திணிக்கும்போதெல்லாம் உங்களைத் திட்டினேன். என்னென்ன வார்த்தை என்று எழுத முடியாது. சர்ச் ஹாலில் படிக்கக் கூடாத வார்த்தைகள்.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னாள்: "ஆமால, அவதான் அனுப்புனா. அப்ப ரயிலு ஓடலல்ல? அவ அப்ப குடியிருந்த சீத்தா கேம்ப்ல இருந்து தாராவிக்கு நடந்தே போயிருக்கா. பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்குன்னு மூணு மட்டம் திரும்பி வந்துருக்கா. நாலாவது மட்டந்தான் கெடச்சுதாம். செருப்பு அந்து போச்சுன்னு சொல்லிச் சிரிச்சா."

இதை நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் வெளியே வந்தால் போலீஸ் லத்தி, வராவிட்டால் வயிறு. சொந்தத் தம்பிக்குக்கூட யாரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். ஒரு தப்பைச் செய்வதற்கு இத்தனை மைல் நடக்க உங்களால்தான் முடியும் அக்கா.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உங்களைப் பொய் சொல்ல வேண்டாம் என்றவன், நானே பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். போன் மட்டும் செய்யாதீர்கள். எழுதுங்கள். இதுதான் எனக்கு நன்றாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை தனசீலன் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பெல்ட் வார் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. சுஜா உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் கேட்டேன்: "மாமா, நான் மறுபடியும் எழுதுறேன். கணக்கு, சயின்ஸ், சமூக அறிவியல் மூணும் பாக்கி. சுஜாவையும் எழுத விடுங்க."

"நீ எதுக்குல எழுதுத? எவளாவது பாஸுன்னு சொல்லிருவான்னா?"

"இல்ல மாமா. நான் ஓடிவந்ததைப் பாத்து அவ நிக்கக் கூடாது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சரி. நீ எழுதுனா அவளும் எழுதுவா. நீ ஹாலுக்குப் போகலன்னு வையி, எந்திச்சு வந்தேன்னு வையி, அன்னிக்கோட அவளும் வீட்டுல. பொறவு ஒருத்தரும் எங்கிட்ட வந்து பேசக் கூடாது."

நானும் சரி என்றேன். வெளியே வந்த பிறகுதான் எவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. பழைய கேள்வித்தாள் இருந்தால் அனுப்புங்கள்.

சாஜன்

*

தாராவி,
10 டிசம்பர் 2023

சாஜன் தம்பிக்கு,

இத்துடன் ஐந்து கேள்வித்தாள். நீ போன தடவை போட்டு அனுப்பிய வடிவியலில் ஆறாவது படம் தப்பு. மற்றதெல்லாம் சரி. எப்போது படிக்கிறாய்? விடையில் எல்லாம் சோப்பு வாசனை அடிக்கிறது. செம்பூரில் என் ஆபீஸில் உட்கார்ந்துதான் திருத்தினேன். பக்கத்து சீட் பாகீரதி மேடம், "என்ன ரீனா, பேப்பர்லேர்ந்து லாண்ட்ரி வாசனை வர்றதே" என்றார். என் தம்பி வீட்டுப் பேப்பர் என்றேன். இது பொய்யா, நீயே சொல்.

சுஜாவைப் பற்றி எழுத வேண்டும். ஃபார்ம் போட்டுவிட்டோம். காலையில் நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து வைத்துவிட்டு, ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறாள். போன வாரம் அவள் கேட்டாள்: "டீச்சர், மூணு வருசமா படிக்காம இருந்தா மூளை சின்னதாயிருமா?" யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவளே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த மூன்று வருஷத்தில் நீ எத்தனை பேருக்குச் சமைத்தாய், எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாரிடம் கேட்டாய் என்றேன். யோசித்தாள். "அது விகிதமா டீச்சர்?" என்றாள். வெயிலுமுத்து பின்னாலிருந்து, "அதுல நான் மாஸ்டர்" என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

முன்பெல்லாம் இவர்களுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று கதை கதையாக அளப்பேன். டாக்டர் ஆனவர், கலெக்டர் ஆனவர் என்று ஊர்பேர் தெரியாத ஆட்களை எல்லாம் இழுப்பேன். இப்போது அதை விட்டுவிட்டேன். "சாஜன் அண்ணன் நேத்து எத்தன கணக்குப் போட்டாரு?" என்று காலையில் கேட்கிறார்கள். உன் கடிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு போட்டிருந்தால் இரண்டு என்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது. என்ன பிள்ளைகள் இவை! உள்ளதைச் சொன்னால் உடைந்துவிடுவார்கள் என்று நினைத்தேனே, நான்தான் பயந்தாங்கொள்ளி.

இரண்டு பேர் நின்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்திக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். ஒருவன் சூரத்துக்குப் போய்விட்டான். மீதி ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரீனாக்கா

*

கோபர்கைரனே,
25 பிப்ரவரி 2024

ரீனாக்காவுக்கு,

என்னால் எழுத முடியாது. கோபப்படாமல் படியுங்கள்.

மார்ச்சில் ஆறு நாள் பரீட்சை, பாடத்துக்கு இரண்டு பேப்பர். எங்கள் முகாதமிடம், அதாவது மேஸ்திரியிடம், ஒரு மாதமாக லீவு கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரெண்டு ஆஸ்பத்திரி புதிதாகச் சேர்ந்திருக்கிறதாம், மார்ச்சில் ஒருவருக்கும் லீவு கிடையாது என்கிறான். வாரத்தில் வருகிற லீவையும் நிறுத்திவிட்டார்கள். வரமுடியாதவன் தன் இடத்தில் ஒரு பத்லி ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பத்லி நின்றால் நம் இடம் நமக்கு இருக்கும். நிற்காவிட்டால் மறுநாள் அந்த மெஷினில் வேறு ஒருவன் நிற்பான். இங்கே எப்போதும் இதுதான் வழக்கம்.

ரூமில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் அவரவர் ஷிப்ட் இருக்கிறது. கூலி வேலைக்காக நாக்கா முக்கில் நிற்கிற ஆட்களைக் கேட்டேன், ஈரத் துணி என்றதும் போய்விட்டார்கள். ஊரில் அம்மாவும் தங்கச்சியும் நான் அனுப்புவதில்தான் இருக்கிறார்கள். இந்த வேலையை விட முடியாது.

படித்திருக்கிறேன் அக்கா. இந்தத் தடவை உண்மையிலேயே படித்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

எனக்காக ஒன்று செய்யுங்கள். தனசீலன் மாமாவிடம் பேசுங்கள். நான் பயந்து ஓடவில்லை என்று சொல்லுங்கள். என்னோடு சேர்த்துச் சுஜாவை நிறுத்த வேண்டாம். அந்தப் பேச்சை நான்தான் ஆரம்பித்தேன், என்னை மட்டும் தண்டிக்கட்டும்.

சாஜன்

*

தாராவி,
2 மார்ச் 2024

சாஜன் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நானாகச் சொன்னால் என் வாய் மறுபடியும் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடும் என்று பயந்தேன். அதனால் தனசீலன் அண்ணன் வீட்டுக்குப் போய், உன் கடிதத்தையே முதல் எழுத்திலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துக் காட்டினேன். சுஜாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். உன்னைக் கேட்காமல் படித்தது தப்பு. திட்டு.

மொழிப் பேப்பர் எழுதத் தொடங்கிவிட்ட சுஜாவைக் கணக்குக்கும் விடுவேன் என்று அவர் சொல்லவில்லை, விட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். கடைசியில், "அந்த லாண்ட்ரி எங்ஙன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அட்ரஸை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. சண்டைக்கு வருகிறாரோ என்னவோ, முகம் அப்படித்தான் இருந்தது. வந்தால் எதிர்த்துப் பேசாதே.

ரீனாக்கா

*

கோபர்கைரனே,
11 மார்ச் 2024

ரீனாக்காவுக்கு,

இன்றைக்கு நடந்ததைத் தூங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்கு ஷிப்டுக்குப் போனேன். கேட்டில் தனசீலன் மாமா நின்றுகொண்டிருந்தார். சண்டைதான் என்று நினைத்தேன். நான் கிட்டே போவதற்குள் சட்டையைக் கழற்றி நாலாக மடித்துவிட்டார். உள்ளே பனியன், கீழே பழைய பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார்.

"ஒன் பத்லி வந்திருக்கேன்னு அந்த முகாதம்ட்ட சொல்லு."

"ஒங்க வேலை என்னாவும் மாமா?" என்றேன். "அது கெடக்கு. ஓடு, பதினோரு மணிக்குப் பரிச்ச" என்றார். முகாதம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். தூக்க முடியுமா பெரியவரே என்று இந்தியில் கேட்டான். தூக்குவேன் என்கிற மாதிரி "உட்டாயேகா" என்று சொல்லிவிட்டு மாமா நேராக நான் காட்டிய என் மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் போனார். முதல் மூட்டையைத் தூக்கும்போது கால் தடுமாறியது. நான் பிடிக்கப் போனேன். "போல!" என்று ஒரு அதட்டு.

ரூமில் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, தாணே வழியாகச் சயான் வந்து, சென்டருக்கு ஓடினேன். வாசலில் சுஜா நின்றாள். "அப்பா அங்க வந்துட்டாங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன். "நேத்து ராத்திரியே சொல்லிட்டாங்க. நீ வருவன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தத் தடவையும் ஒரு கணக்கு வரவில்லை. நாலாவது. கை நின்றது. அதே எண்ணம் வந்தது. வராமல் இல்லை, உங்களிடம் மறைக்க மாட்டேன். வாசலைப் பார்த்தேன். இந்த நேரத்தில் மாமா எத்தனாவது மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அவர் அங்கே நிற்கும்போது நான் எப்படி எழுந்திருக்க முடியும்? நாலாவதை விட்டுவிட்டு ஐந்தாவதைப் படித்தேன். அது வந்தது. கடைசி மணி அடித்து, பேப்பரை என் கையிலிருந்து வாங்கும்வரை எழுதினேன். எவ்வளவு வரும் என்று தெரியாது. பாஸ் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றரை மணிக்கு லாண்ட்ரிக்குத் திரும்பினேன். மாமா துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கத்தி பிடித்துத் தோல் வெட்டுகிற கை அக்கா அது. ஈரத்தில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை.

"எந்திச்சியால?"

"இல்ல மாமா."

"எல்லாம் எழுதுனியா?"

"ஒண்ண விட்டுட்டேன்."

"சுஜா?"

"அவளும் கடைசிவரை இருந்தா."

சரி என்பதுபோல் தலையசைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மடித்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கையால் பொத்தான் போட வரவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"இன்னும் எத்தன பரிச்ச இருக்கு?"

"அஞ்சு மாமா."

"அஞ்சு நாளும் இதே டைமுக்கு வந்தாப் போதுமால?" என்று கேட்டார்.

சாஜன்